பீரோவில் ஒரு தாராப்பூர்

கொடுத்தவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வரை ஒரு நிச்சயதார்த்தம் முறிந்ததாகாது என்று அந்நாட்களில் எங்கள் வீட்டில் நம்பினோம். என் மாமியார் அதை முழுமனத்தோடு நம்பினார். அவர் நம்பியதால் என் கணவரும் நம்பினார். சட்டம் படித்த நான் நம்பவில்லை. ஆனால் அதன் இடத்தில் வைப்பதற்கு என்னிடம் வேறு நம்பிக்கை எதுவும் இல்லாததால் பேசாமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்புறத் தெரு ஒன்றில் மாடிப் பகுதியில் குடியிருந்தோம். வீட்டில் நாங்கள் நான்கு பேர்: மாமியார், அவருடைய மகனாகிய என் கணவர், மகளாகிய என் நாத்தனார், நான். என் கணவர் கல்பாக்கத்தில் அணு உலைப் பொறியாளர். பொழுது விடியுமுன் லஸ் முனையில் நிற்கும் அலுவலகப் பேருந்தைப் பிடித்தால், அடையாறு தாண்டும்போது வெளிச்சம் வரும் என்பார். நான் ஒரு மூத்த வழக்கறிஞரிடம், இயந்திரங்கள் இறக்குமதி செய்யும் நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். நாத்தனார் ராயப்பேட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுவதும் ரத்தத்தைச் சோதிப்பவள். இதைச் சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அவளுக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு பையனை நிச்சயம் செய்திருந்தோம். பையனின் பெற்றோர் ஆதம்பாக்கத்தில் இருந்தார்கள். தட்டு மாற்றிக்கொண்ட அன்று அவர்கள் பக்கத்திலிருந்து அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவையும், அகலமான ஒரு வெள்ளித் தட்டும், பையன் அனுப்பியிருந்த சிறிய கைக்கடிகாரமும் வந்தன. நாத்தனார் கடிகாரத்தைக் கட்டிப் பார்த்தாள். மணி அமெரிக்க நேரத்தில் இருந்தது. மாற்ற வேண்டாம் என்று சிரித்தாள்.

அடுத்த மாதமே ஆதம்பாக்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. பெண்ணின் அண்ணன் அணு உலையில் வேலை பார்க்கிறார் என்பது பையனின் தாயாருக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. அந்த வேலை செய்பவர்கள் வீட்டில் எல்லார் உடம்பிலும் கதிர்வீச்சு இறங்கியிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பெண் ஒரு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவர்கள் சொல்லும் மருத்துவரிடம். சரி என்று நாத்தனார் ஒப்புக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் தொலைபேசி. அண்ணனும் செய்துகொள்ள வேண்டும். பிறகு தாயாரும். பிறகு அண்ணன் மனைவியாகிய நானும்.

"ஊர் ரத்தத்தையெல்லாம் நான் பார்க்கறேன்," என்றாள் நாத்தனார். "என் ரத்தத்தைப் பார்க்கணும்னா பார்த்துக்கட்டும். அம்மா ரத்தத்துல இவாளுக்கு என்ன வேலை? முடியாதுன்னு சொல்லிடுங்கோ."

முடியாது என்று சொல்லியாயிற்று. அதற்கு அவர்கள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

அந்த மௌனம் சில மாதங்கள் நீடித்த பிறகு, என் மாமியார் புடவையையும் தட்டையும் கடிகாரத்தையும் மஞ்சள் துணிப்பையில் வைத்து, என்னையும் அழைத்துக்கொண்டு ஆதம்பாக்கத்துக்குப் புறப்பட்டார். பையனின் பெற்றோர் எங்களை வாசலிலேயே கண்டு, மிகுந்த அன்போடு உள்ளே அழைத்து, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார்கள்.

"வெய்யில்ல வந்திருக்கேளே மாமி. காபி சாப்பிடுங்கோ," என்றார் பையனின் தந்தை. "ஆனா அதைப் பத்தி மட்டும் பேச வேண்டாம்."

"அதைப் பத்திப் பேசத்தானே வந்தேன்," என்றார் மாமியார்.

"நாங்க வேண்டாம்னு சொல்லவே இல்லையே," என்றார் பையனின் தாயார். "ஒரு டெஸ்ட்தானே கேட்டோம்."

"அப்போ கல்யாணம் உண்டா?"

"அதையும் நாங்க சொல்லலையே மாமி."

மாமியார் பையை முன்னால் நகர்த்தினார். அந்த அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இதை நான் இப்போ கையால வாங்கினா, முறிச்சது நாங்கதான்னு ஆயிடும். உங்காத்துலயே இருக்கட்டும். சௌகரியமா வெச்சுக்கோங்கோ."

காபி நன்றாகவே இருந்தது. குடித்துவிட்டுப் பையோடு திரும்பினோம். இப்படி இன்னொரு முறையும் போய் வந்தோம். இரண்டாம் தடவை திரும்பும்போது, போகையில் பேருந்தில் இருந்த அதே நடத்துநர் இருந்தார். பைக்கு வெளியே எட்டிப்பார்த்த வெள்ளித் தட்டின் விளிம்பை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னா மாமி, போவ சொல்லவும் இதே பை, வர சொல்லவும் இதே பை. தட்டுக்கு ஒரு பாஸ் எடுத்துடு."

மாமியார் எப்போதும் இப்படிப்பட்ட பேச்சுக்கு முகம் கொடுக்க மாட்டார். அன்று சிரித்துவிட்டார். சிரித்த பிறகு, வீடு வரும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதன் பின் பையனின் பெற்றோர் வீட்டைக் காலிசெய்துகொண்டு மகனிடமே போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை.

அந்தப் பொருள்கள் பீரோவின் மேலடுக்கில் குடியேறின. அந்த அடுக்குக்குத் தாராப்பூர் என்று பெயர் வைத்தவர் என் கணவர். அந்தப் பெயரின் காரணத்தை அவர் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைகளுக்கு நடுவே விளக்கினார்.

மகாராஷ்டிரக் கடற்கரையில் தாராப்பூரில் இருக்கும் அணுமின் நிலையம் அமெரிக்க உதவியோடு கட்டப்பட்டது. அதற்கு வேண்டிய எரிபொருளை முப்பது ஆண்டுகள் அமெரிக்கா தரும் என்று அறுபதுகளில் ஒப்பந்தம் போட்டார்கள். நடுவில், எழுபதுகளின் பிற்பகுதியில், அமெரிக்கா தன் உள்நாட்டுச் சட்டத்தை மாற்றிக்கொண்டது. எரிபொருள் வாங்கும் நாடு, அந்த எரிபொருள் போய்ச் சேரும் உலையை மட்டும் அல்ல, தன்னுடைய எல்லா அணு நிலையங்களையும் சர்வதேச ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இல்லையேல் விற்கக் கூடாது என்பது புதிய சட்டம். நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் எரிபொருளை நிறுத்தினார்கள். பிறகு பிரான்ஸ் கொடுத்தது.

"அவா கொடுத்து நாம எரிச்ச ஃப்யூயல் இருக்கே, அதுதான் வேடிக்கை," என்றார். "அதுலேர்ந்து மறுபடியும் உபயோகமானதைப் பிரிச்சு எடுக்கலாம். ஆனா அதுக்கு அவா சம்மதம் வேணும். சம்மதம் தர மாட்டா. சரி, நீங்களே எடுத்துண்டு போங்கோன்னா, அதுவும் மாட்டா. தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சுக் காவல் காத்துண்டிருக்கோம்."

"பட்டுப்புடவையைத் தண்ணில வைக்க முடியாதே அண்ணா," என்றாள் நாத்தனார்.

அவள்தான் முதலில் சிரித்தவள். பிறகு எல்லாரும் சிரித்தோம். தட்டு மாற்றிய பின் நிபந்தனையை மாற்றியவர்களையும், கையெழுத்துக்குப் பின் சட்டத்தை மாற்றியவர்களையும் ஒரே பேச்சில் திட்ட முடிந்தது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன். விருந்தாளிகள் முன்னிலையில்கூட அவள் தயங்காமல், "அந்தப் போர்வை தாராப்பூருக்குக் கீழ இருக்கு மன்னி" என்பாள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது.

பட்டுப்புடவையை அப்படியே விட்டுவைக்க முடியாது. ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில் அறுந்துபோகும். ஆகவே ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்ததும், மாமியார் அதை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பு மேலே வராதபடி வேறு விதமாக மடிப்பார். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை நான். தட்டை விபூதி போட்டுத் துடைப்போம். கடிகாரம் என்றோ நின்றுவிட்டிருந்தது. அதையும் ஒரு முறை பார்த்துவிட்டு வைப்போம். என் கணவர் இதை வருடாந்தர ஆய்வு என்பார். உடையவர்கள் பார்க்க வராத பொருளை ஏன் இவ்வளவு கவனமாகக் காக்கிறீர்கள் என்று நான் மாமியாரைக் கேட்டதில்லை. நம்மிடம் இருக்கும் பிறத்தியார் பொருள் கெட்டுப்போகக் கூடாது என்பது அவருக்குக் கேள்விக்கு அப்பாற்பட்டது.

ஆனால் அதே கவனத்தின் மறுபக்கம்தான் என் நாத்தனாரின் வாழ்க்கை. புடவையும் தட்டும் வீட்டில் இருக்கும்வரை அவளுடைய ஜாதகத்தை வெளியே எடுக்க மாமியார் சம்மதிக்கவில்லை. ஒரு தட்டு திரும்பிப் போகாமல் இன்னொரு தட்டு மாற்றுவது முறையல்ல என்றார். என் கணவர் வாதாடியிருக்கலாம். ஆனால் தன் வேலையால்தான் தங்கையின் கல்யாணம் நின்றது என்ற எண்ணம் அவருக்குள் இருந்தது. அதனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போய்விடுவார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் காய்கறிக்குக் குறையே இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒருவர் வந்தார். என் கணவரோடு அதே பேருந்தில் போய்வரும் சக ஊழியர். நிலையத்தில் வேலை செய்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய பட்டைகளை வாங்கி, ஒவ்வொருவர் மேலும் எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று கணக்கிடும் பிரிவில் இருந்தார். தி. நகரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். என்னிடம் புத்தகங்கள் இரவல் வாங்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாங்கிய புத்தகத்தை உண்மையாகவே படித்துவிட்டுத் திருப்பித் தருபவர். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சில மாதங்களுக்குப் பிறகு, ஞாயிறுகளில் முறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாத்தனார் அந்த முறையை வேறொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்பதைக் கவனித்தேன்.

அவர் பேருந்தில் வைத்து என் கணவரிடம் நேராகப் பெண் கேட்டார். தன் வீட்டில் கும்பகோணத்தில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், தை மாதத்துக்குள் ஏதாவது ஒரு பதில் தெரிந்தால் நல்லது என்றார். என் கணவர் என்னிடம் சொன்னார். நான் நாத்தனாரிடம் கேட்டேன்.

"எனக்குச் சரிதான் மன்னி," என்றாள். "ஆனா அம்மா சம்மதமில்லாம எனக்கு வேண்டாம். அம்மாவை மீறிண்டு பண்ணிக்கிற கல்யாணத்துல நான் சந்தோஷமா இருக்க மாட்டேன். அம்மா சரின்னா சரி. இல்லேன்னா, அவரைக் காக்க வைக்க வேண்டாம், வேற இடம் பார்க்கச் சொல்லிடுங்கோ."

அந்த ஆண்டு ஐப்பசியில்தான் வந்தது நவராத்திரி. கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கத் தட்டு போதாமல், ஒரு தட்டையே கழுவிக் கழுவிப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். மேலடுக்கில் இருந்த தட்டைப் பற்றி எல்லாருக்கும் நினைவு இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அந்த நாட்களில்தான் செய்தித்தாளில் சிறிய அளவில் அந்தச் செய்தி வந்தது: தாராப்பூர் ஒப்பந்தத்தின் முப்பது ஆண்டுக் காலம் முடிந்துவிட்டது.

அன்று மாலை வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, மிஞ்சிய சுண்டலைச் சுற்றி நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் மிக உற்சாகமாக இருந்தார்.

"முடிஞ்சது. இனிமே அந்த ஃப்யூயல் நம்மளது. யாரையும் கேட்க வேண்டாம். காலம் முடிஞ்சா ஒப்பந்தம் முடிஞ்சது, ஒப்பந்தம் முடிஞ்சா நிபந்தனையும் முடிஞ்சது."

"அவா அப்படிச் சொல்லலையே," என்றேன். நான் அதைப் பற்றி அலுவலக நூலகத்தில் படித்திருந்தேன். "ஒப்பந்தம் முடிஞ்சாலும், அது நடப்புல இருந்தபோது கொடுத்த பொருள் மேல எங்க உரிமை போகாதுன்னு அவா கட்சி. முடிஞ்சதுக்கு அப்புறம் என்னன்னு ரெண்டு பேருக்கும் பொதுவா, தெளிவா எழுதி வைக்கலை. நான் எழுதற ஒப்பந்தமா இருந்தா அதுதான் முதல்ல எழுதுவேன்."

"உன்னைக் கேட்டிருக்கணும். நீ அப்போ ஸ்கூலுக்கே போகலை."

"அப்போ யார் சொல்றது சரி மன்னி?" என்று நாத்தனார் கேட்டாள். சுண்டலில் இருந்த தேங்காயைத் தனியாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. அவா ஒண்ணு சொல்லிண்டிருப்பா. நாம ஒண்ணு சொல்லிண்டிருப்போம்."

"அண்ணா சொல்றதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "காலம் முடிஞ்சா முடிஞ்சது. எனக்கும் அதானே அண்ணா?"

என் கணவர் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அது வேற," என்றார்.

"எது வேற?"

"அது... தேசத்து விஷயம்."

"உக்காருங்கோ. இந்நேரத்துல கறிகாய்க் கடை கிடையாது," என்றாள்.

அவர் எழுந்திருக்க முயன்றது உண்மைதான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மாமியாரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் கோபமாக இல்லை. எதையோ கணக்குப் பார்ப்பவர்போல இருந்தார்.

"நான் ஒண்ணு கேட்கறேன்," என்றார் மகனைப் பார்த்து. "அந்த எரிஞ்ச சாமானை இப்போ என்ன பண்ணப் போறா? காலம் முடிஞ்சுதுன்னு எடுத்து உபயோகிக்கப் போறாளா?"

"இல்லேம்மா. அப்படியே வெச்சிருப்பா. ஆய்வாளர் வந்து பார்க்கறதுக்கும் விடுவா. கட்டாயம் இல்லை. ஆனாலும் நாம நேர்மையா இருக்கோம்னு காட்டறதுக்கு."

"சரி. அவா திரும்பி எடுத்துண்டு போகலை, இத்தனை வருஷமா. அதுவரைக்கும் கரண்ட் பண்றதை நிறுத்தி வெச்சிருந்தாளா?"

"எதுக்கு நிறுத்தணும்? பிரான்ஸ்லேர்ந்து வாங்கி ஓட்டினா. இனிமே பிரான்ஸும் தர மாட்டான்னு பேசிக்கறா. நாமளே கொஞ்சம் ஃப்யூயல் கலந்து பண்ணிப் பார்க்கறோம். உலை ஓடிண்டுதான் இருக்கு."

"பழசு தொட்டியில இருக்கு. புதுசு போட்டு ஓட்டிண்டிருக்கா."

"ஆமாம்மா."

 கொலுப்படியில் விளக்கு மங்கியிருந்தது. மாமியார் எழுந்துபோய்த் திரியைத் தூண்டிவிட்டார். நாத்தனார் பொறுக்கி வைத்த தேங்காயை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். 

மறுநாள் காலை, நான் காபி கலந்துகொண்டிருந்தபோது மாமியார் சமையலறைக்குள் வந்தார்.

"அந்தப் பட்டைக்காரப் பையனை ஞாயித்துக்கிழமை சாப்பிடச் சொல்லு," என்றார். "ஜாதகம் கொண்டு வரச் சொல்லு."

"அந்தத் தட்டு...?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். கேட்டா கொடுப்போம். கேட்கிற வரைக்கும் பத்திரமா வெச்சிருப்போம். அது நம்ம மரியாதை. அதுக்காக ஒருத்தி அடுப்பை அணைச்சுட்டு உக்காரணும்னு இல்லை."

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். சாப்பாட்டுக்கு முன் மாமியார் அவரிடம், பழைய சம்பந்தம் ஏன் நின்றது என்பதை மறைக்காமல் சொன்னார். ரத்தப் பரிசோதனை, கதிர்வீச்சு, எல்லாவற்றையும். அவர் கவனமாகக் கேட்டார்.

"உங்க பிள்ளை அளவு எனக்கு மாசா மாசம் தெரியும் மாமி," என்றார். "ரொம்பக் கம்மி. என்னோடதைவிடக் கம்மி. உங்களுக்கு வேணும்னா என்னோடதைக் காட்டறேன். பொண்ணு வீட்டுக்காரா கேட்கறதுல ஒண்ணும் தப்பில்லை."

"நீங்க கொண்டு வந்தா நான் இன்னொரு தடவை செக் பண்ணிக்கறேன்," என்ற குரல் சமையலறையிலிருந்து வந்தது. மாமியார் அன்று இரண்டாவது தடவை பாயசம் பரிமாறினார். பொதுவாக யாரும் கேட்காமல் அவர் அப்படிப் பரிமாறுபவர் அல்ல.

தையில் கல்யாணம் நடந்தது. அவர்கள் கல்பாக்கத்திலேயே ஊழியர் குடியிருப்பில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். நாத்தனார் அங்கே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, மறுபடியும் ஊர் ரத்தத்தைப் பார்த்தாள். ஊருக்கு வரும்போதெல்லாம் பீரோவைத் திறந்து, "தாராப்பூர் சௌக்கியமா மன்னி?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில் எந்தக் கசப்பும் இருந்ததில்லை. கடிகாரத்துக்கு ஒரு முறை புது பேட்டரி போட்டுப் பார்த்தாள். ஓடவில்லை. அப்படியே வைத்துவிட்டாள்.

சட்டங்களைப் பற்றி நான் அதன் பிறகும் நிறையப் படித்தேன். நாடுகள் ஒன்றுக்கொன்று எதைத் தரலாம், எந்த நிபந்தனையில் தரலாம், தந்த பின் எவ்வளவு காலம் கேள்வி கேட்கலாம் என்பதெல்லாம் அந்தப் பத்தாண்டில் பல முறை பேசப்பட்டது. பொக்ரானில் வெடிச் சோதனை நடந்த கோடையில், தரமாட்டோம் என்று சொன்ன நாடுகளின் எண்ணிக்கை கூடியது. என் கணவர் ஒவ்வொரு மாலையும் புதிய கதைகளோடு வந்தார். உதிரிப் பாகம் வரவில்லை என்றால் இங்கேயே இயந்திரத்தில் கடைந்துகொள்வதாகச் சொன்னார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தச் சட்டங்கள் செய்யவேண்டியதை ஏற்கெனவே செய்து முடித்திருந்தன.

ஆதம்பாக்கத்துக்காரர்கள் கேட்கவே இல்லை. மாமியார் கடைசி வரை ஆண்டுதோறும் புடவையை எடுத்து மடிப்பு மாற்றினார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு கை நடுங்கியபோதும் தன் முனையை விடவில்லை.

நாத்தனார் இப்போது தன் மகளோடு வேறு ஊரில் இருக்கிறாள். மழை நின்றதும் நான் பீரோவைத் திறந்து அரக்குப் புடவையை எடுக்கிறேன். சரிகை இன்னும் அறுந்துவிடவில்லை. மறு முனையைப் பிடிக்க என் கணவர் செய்தித்தாளை வைத்துவிட்டு எழுந்து வருகிறார். வீட்டில் இப்போது நாங்கள் இருவர் இருக்கிறோம்.